மறுக்கத் தெரிந்த பெட்டி

கூரியர்காரர் நீட்டிய பெட்டியை யோகேஸ்வரி உடனே வாங்கிவிடவில்லை. கேட்டுக்கு உள்ளே நின்றபடியே அதை எல்லாப் பக்கமும் திருப்பிக் காட்டச் சொன்னாள். மூலை எதுவும் நசுங்கவில்லை. ஒட்டிய டேப்பை யாரும் பிரித்து மறுபடி ஒட்டிய அடையாளமும் இல்லை. அப்புறம்தான் கை நீட்டினாள். அவர் சிரித்தார், இவள் சிரிக்கவில்லை.

மலேசியாவில் செனாய் பக்கம் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில், வெளியிலிருந்து வருகிற பாகங்களைச் சோதித்து உள்ளே விடுவதுதான் அவளுக்கு வேலை. சப்ளையர் சாமி மேல் சத்தியம் பண்ணினாலும் அளந்து பார்க்காமல் அவள் கையெழுத்துப் போட மாட்டாள். அந்தக் குணத்தை ஷிஃப்ட் முடிந்ததும் தொழிற்சாலையிலேயே கழற்றி வைத்துவிட்டு வர அவளுக்குத் தெரியாது. வீட்டுக்கு வருகிற முட்டையும் மீனும் அதே பார்வையில்தான் தேற வேண்டும்.

"இது எத்தனாவது டப்பா?" என்று சோபாவில் கிடந்தபடியே கேட்டான் அவள் கணவன் மகேஸ்வரன். சிங்கப்பூரில் பஸ் ஓட்டுகிறவன். ஓய்வு நாள் என்றால் சோபாவை விட்டு இறங்க மாட்டான்.

"ரெண்டாவது. மொதல்ல வந்ததைத் திருப்பி அனுப்பியாச்சுல்ல."

"எனக்குத் தெரியாதா? என் பாட்டையெல்லாம் சேர்த்துத்தானே அனுப்பின."

பெட்டிக்குள் இருந்தது ஒரு டாக்கிங் ஸ்டேஷன். பேர்தான் ஸ்டேஷன், பார்க்க ரொட்டி சுடுகிற டோஸ்டர் மாதிரி இருக்கும். கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய ஹார்ட் டிஸ்க்கை அதன் தலையில் உள்ள பிளவில் நிறுத்தி, வயரை வேறு கம்ப்யூட்டரில் செருகினால், டிஸ்க்கில் உள்ளதெல்லாம் திரைக்கு வந்துவிடும் என்று விளம்பரம் சொன்னது. விளம்பரம் சொன்னதை நம்ப வேண்டுமென்றால் யோகேஸ்வரி இன்னொரு முறை பிறந்துதான் வர வேண்டும்.

ஆனாலும் அந்த டப்பா அவளுக்கு வேண்டியிருந்தது. அவள் மானமே அதை நம்பித்தான் இருந்தது.

கூலாயில் அவர்கள் இருந்த தாமான் குடியிருப்பு வீடுகளுக்குப் பின்னால், அந்த இடம் செம்பனைத் தோட்டமாக இருந்த காலத்திலிருந்தே நிற்கிறது அம்மன் கோயில். இந்த வருஷத் திருவிழாவின் கடைசி நாள், ஊர்வலம் போய்வந்த அம்மனுக்கு மத்தியானம் அலங்காரம் கலைத்தார்கள். குருக்கள் நகைகளைக் கழற்றித் தாம்பாளத்தில் வைத்தார். தாம்பாளத்தை ஆபீஸ் அறைக்குத் தூக்கிக்கொண்டு போனவள் யோகேஸ்வரி. மறுநாள் காலையில் நகைகளைச் சரிபார்த்தபோது அம்மனின் பொட்டுத்தாலியைக் காணோம். விரல்நுனி அளவு தங்கப் பொட்டு, மெல்லிய சங்கிலியில் கோத்தது. பெரிய நகை ஒன்றும் இல்லை. ஆனால் அம்மன் கழுத்துத் தாலி.

அவள் எடுத்தாள் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பாள். கோயில் மகளிர் பகுதியின் வாட்ஸ்அப் குழு திடீரென்று ஊமையாகிவிட்டது. கொஞ்ச நாள் கழித்துத்தான் தெரிந்தது, அவளை மட்டும் விட்டுவிட்டு வேறு குழு தொடங்கியிருக்கிறார்கள். ஒரு வெள்ளிக்கிழமை பூக்கட்டப் போய் உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்த ராசம்மா, தரையில் கிடந்த தன் ஹேண்ட்பேக்கை மெதுவாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவ்வளவுதான் செய்தாள். அந்த ஹேண்ட்பேக் யோகேஸ்வரியின் கண்ணை விட்டுப் போகவே இல்லை. அன்று வீட்டுக்கு வந்து பூஜை அலமாரி முன்னால் நின்று வாய்விட்டு அழுதாள். திருவிழா ஏலத்தில் எடுத்த அம்மன் சேலை மேல்தட்டில் மடிப்புக் கலையாமல் இருந்தது. ஆடி வெள்ளியில் கட்டிக்கொள்வதாக இருந்தாள். "தாயே, என் பேரைச் சுத்தப்படுத்து. அதுவரைக்கும் உன் சேலையில கை வைக்க மாட்டேன்" என்று சத்தியம் செய்துவிட்டாள்.

கோயிலில் கேமரா இல்லாமல் இல்லை. ஆனால் சோதனை வந்தால் மொத்தமாகத்தான் வரும் போல. அந்தக் கடைசி நாள் சாயங்காலமே விழுந்த இடியில், கேமரா ரெக்கார்டரும் ஆபீஸ் கம்ப்யூட்டரும் சேர்ந்து கருகிவிட்டன.

"ரெக்கார்டர் போனாலும் உள்ளே இருக்கிற டிஸ்க் நல்லாத்தான் இருக்குமாம். நம்ம யுகேந்திரன் கடையில கொடுத்துப் பார்க்கலாம்" என்றார் கோயில் தலைவர் திருச்செல்வம், கமிட்டிக் கூட்டத்தில். யுகேந்திரன் அவருடைய தங்கை மகன். டவுனில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தான்.

யோகேஸ்வரி எழுந்து நின்றாள். அன்றைக்குத் தாம்பாளத்தை அவள் கையிலிருந்து வாங்கி அறையைப் பூட்டியவர் திருச்செல்வம். டிஸ்க் போவது அவர் தங்கை மகன் கடைக்கு. போகும்போது அதில் இருப்பதெல்லாம் வரும்போதும் இருக்கும் என்பதற்கு யார் ஜவாப்தாரி?

"கடைக்குப் போக வேணாம் தலைவரே. என் வீட்டுக் கம்ப்யூட்டர்ல பார்க்கலாம். எல்லாரும் வாங்க."

"உன் வீட்ல எதுக்கும்மா?"

"பழி என் மேல விழுந்திருக்கு. பார்க்கிறதும் என் வீட்லயே நடக்கட்டும்."

டிஸ்க்கை ஒரு காகித உறையில் போட்டு, டேப் ஒட்டி, டேப்பின் மேல் மூன்று பேர் கையெழுத்துப் போட்டார்கள். அதை எங்கே வைப்பது என்பதில் மறுபடியும் இழுபறி. ஆபீஸ் பெட்டகத்தின் சாவி தலைவரிடம் இருந்தது, அதனால் யோகேஸ்வரி ஒத்துக்கொள்ளவில்லை. அவள் வீட்டுக்குப் போவதில் மற்றவர்களுக்கு இஷ்டமில்லை. கடைசியில் உறை அம்மன் காலடிக்குப் போனது. மூலவருக்கு முன்னால், குங்குமத் தட்டுக்குப் பக்கத்தில், ஒரு ஹார்ட் டிஸ்க் தினமும் தீபாராதனை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

டாக்கிங் ஸ்டேஷன் என்று ஒன்று இருப்பதை அவளுக்குச் சொன்னவனே யுகேந்திரன்தான். கூட்டம் முடிந்து வாசலில் செருப்பு மாட்டும்போது வந்து, "ஆண்ட்டி, ஒரு டாக் வாங்கிக்குங்க, ஈசியா இருக்கும் லா" என்றான். இவன் ஏன் வலிய வந்து உதவுகிறான் என்று வீடு வந்து சேரும் வரை யோசித்தாள்.

முதலில் வந்த டாக்கில் இரண்டு பிளவுகள் இருந்தன, முன்பக்கம் ஒரு பொத்தான். கம்ப்யூட்டரே வேண்டாம், ஒரு டிஸ்க்கில் உள்ளதை இன்னொன்றுக்கு அப்படியே படியெடுத்துவிடும் என்று போட்டிருந்தது. சோதிப்பதற்காக மகேஸ்வரனின் பழைய பாட்டு டிஸ்க்கை ஒரு பிளவிலும் காலி டிஸ்க்கை இன்னொன்றிலும் நிறுத்திப் பொத்தானை அழுத்தினாள். எந்தப் பிளவிலிருந்து எந்தப் பிளவுக்கு என்பதைப் பொடி எழுத்தில் எங்கோ அடியில் போட்டிருந்தார்கள். அவள் வைத்தது தலைகீழ். காலி டிஸ்க் மிக விசுவாசமாகப் பாட்டு டிஸ்க்கின் மேல் படியெடுக்கப்பட்டு, இரண்டும் காலி ஆயின.

"ஐயோ அலமாக், என் பாட்டெல்லாம் போச்சா?" என்றான் மகேஸ்வரன்.

"உங்க பாட்டு போனதோட போச்சுன்னு சந்தோஷப்படுங்க. தப்பு பண்றதுக்குப் பொத்தான் வச்சுக் கொடுக்கிற சாமான் நமக்கு வேணாம்."

இப்போது வந்த இரண்டாவது டாக்கில் ஒரே பிளவுதான். பொத்தான் கிடையாது. பின்பக்கம் நகத்தால் தள்ளுகிற அளவுக்கு ஒரு சின்ன சுவிட்ச். அதைத் தள்ளிவிட்டால் டிஸ்க்கில் உள்ளதைப் படிக்கலாம், புதிதாக எதையும் எழுதவோ அழிக்கவோ முடியாதாம். அந்த ஒரு வரிக்காகத்தான் வாங்கினாள். அந்த ஒரு வரியைத்தான் கொஞ்சமும் நம்பவில்லை.

சுவிட்சைத் தள்ளாமல் முதல் சோதனை. பழைய டிஸ்க் ஒன்றை நிறுத்தி அதிலிருந்த படங்களைக் கம்ப்யூட்டருக்கு இழுத்தாள். ஒன்றும் குறையவில்லை. வயரை ஆட்டினாள். தொடர்பு அறுந்துபோகவில்லை. சமையல் முடிகிற வரை ஓடவிட்டுப் புறங்கையை வைத்துப் பார்த்தாள். வெதுவெதுப்பு இருந்தது, சுடவில்லை. மாமியார் மருமகளைப் பார்ப்பது போல அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். குறை கிடைக்காததே அவளுக்குச் சங்கடமாக இருந்தது.

அப்புறம் சுவிட்சைத் தள்ளினாள். ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து அழிக்கச் சொன்னாள். முடியாது, இந்த டிஸ்க் பூட்டியிருக்கிறது என்றது கம்ப்யூட்டர். வேறு படத்தை அழிக்கப் பார்த்தாள். முடியாது. கழற்றி மாட்டிவிட்டுக் கேட்டாள், மகேஸ்வரனை விட்டுக் கேட்கச் சொன்னாள். யார் கேட்டாலும் அதே பதில்தான். எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிற சாமான்களையே பார்த்துப் பழகியவளுக்கு, அதன் பிடிவாதம் பிடித்துப் போயிற்று.

கடைசிச் சோதனைக்கு யுகேந்திரனை வீட்டுக்கு வரச் சொன்னாள். அவன் கடைக் கேமரா ரெக்கார்டரிலிருந்து கழற்றிய டிஸ்க் ஒன்றைக் கொண்டுவரச் சொல்லியிருந்தாள். டாக்கில் நிறுத்தியதும் திரையில் ஒரு கட்டம் வந்தது. இதைப் பயன்படுத்த வேண்டுமானால் முதலில் ஃபார்மெட் செய்ய வேண்டும், செய்யட்டுமா என்று கேட்டது.

"செஞ்சா என்ன ஆகும்?"

"எல்லாம் போயிடும் ஆண்ட்டி. ரெக்கார்டர் டிஸ்க்கு விண்டோஸுக்குப் புரியாது, அதான் அப்படிக் கேக்குது. வேணாம்னு சொல்லிட்டு, ரெக்கார்டர் கம்பெனி சாஃப்ட்வேர்ல திறக்கணும்."

"இவ்வளவு பெரிய விஷயத்தை ஏன் முன்னாடியே சொல்லல?"

"இப்பத்தானே ஆண்ட்டி கேக்குறீங்க."

கோயில் டிஸ்க் அவன் கடைக்குப் போய், அங்கே இந்தக் கட்டத்தில் ஒரே ஒரு தட்டு தட்டியிருந்தால், தெரியாமல் நடந்துவிட்டது என்று கையை விரித்திருக்கலாம். அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு மௌஸைப் பிடித்து, செய் என்று அழுத்தினாள்.

யுகேந்திரன் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டான். "ஆண்ட்டி, அதுல என் கடை ரெக்கார்டிங் இருக்கு."

முடியாது என்றது கம்ப்யூட்டர். டிஸ்க் பூட்டியிருக்கிறது. சாஃப்ட்வேரில் திறந்து பார்த்தார்கள். அவன் கடை, அவன் கல்லா, கொட்டாவி விடுகிற அவன், எல்லாம் அப்படியே இருந்தன.

"போகலல்ல? அப்ப சரி" என்றாள் யோகேஸ்வரி. "ஞாயித்துக்கிழமை எல்லாரையும் வரச் சொல்லு." அவன் டிஸ்க்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனான்.

"எனக்கு என்ன பயம்னா, இந்தச் சோதனையெல்லாம் முடிஞ்சதும் உனக்கு என் மேலயும் சந்தேகம் வந்துடும்" என்றான் மகேஸ்வரன். அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அவனுக்கு அது கொஞ்சம் உறுத்தியது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் திருச்செல்வம் வந்தார். குருக்கள் அம்மன் காலடியிலிருந்து உறையைத் தாமே எடுத்து வந்தார். ராசம்மா ஹேண்ட்பேக்கை மடியில் வைத்தபடி ஓரமாக உட்கார்ந்தாள். யுகேந்திரனும் கமிட்டிக்காரர்கள் சிலரும் பின்னால் நின்றார்கள். ஹாலில் பூஜை அலமாரிக்குப் பக்கத்திலேயே கம்ப்யூட்டர் மேசை. யோகேஸ்வரி பிஸ்கட் தட்டை நடுவில் வைத்தாள். யாரும் தொடவில்லை.

உறையெல்லாம் குங்குமம். டேப்பையும் கையெழுத்துகளையும் எல்லாரும் பார்த்து முடிந்த பிறகுதான் பிரித்தாள். சுவிட்ச் பூட்டில் இருப்பதை எல்லாருக்கும் காட்டினாள். டிஸ்க்கை நிறுத்தினாள். அது உள்ளே முனகிச் சுழலத் தொடங்கியது.

திருவிழா மத்தியானம் திரைக்கு வந்தது. மழைச் சாரலில் ஜனங்கள் மண்டபத்துக்குள் நெருக்கியடித்து நிற்கிறார்கள். குருக்கள் மாலைகளை அகற்றுகிறார், நகைகளைத் தாம்பாளத்தில் வைக்கிறார். யோகேஸ்வரி அதை ரெண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நடக்கிறாள். அடுத்த கேமராவில் நடைபாதை. அவள் எங்கும் நிற்கவில்லை, யாரோடும் பேசவில்லை, தாம்பாளத்தை விட்டுக் கை எடுக்கவில்லை. ஆபீஸ் வாசலில் திருச்செல்வம் வாங்கிக்கொள்கிறார், உள்ளே வைக்கிறார், பூட்டுகிறார்.



"யோகேஸ், மன்னிச்சிரும்மா" என்றார் திருச்செல்வம். "வாய்விட்டுச் சொல்லலையே தவிர, நானும் நெனச்சேன்."

இத்தனை நாளாக இந்த ஆளையல்லவா சந்தேகப்பட்டோம் என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. மகேஸ்வரன் பின்னாலிருந்து அவள் தோளில் கை வைத்தான். முடிந்துவிட்டது, இனி நிம்மதியாகத் தூங்கலாம் என்று நினைத்தாள்.

அப்போதுதான் பின்னால் நின்ற ஒருவர், "அப்ப தாம்பாளத்துக்கே அது வரலையோ?" என்றார்.

பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை. தலைகள் மட்டும் மெதுவாகக் குருக்கள் பக்கம் திரும்பின. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர் அவர். வேலை பெர்மிட் கமிட்டியின் கையில். அப்போதுதான் ஒரு பிஸ்கட்டுக்காகக் கை நீட்டியிருந்தார். கையை அப்படியே இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அந்தக் கையைப் பார்த்ததும் யோகேஸ்வரி திரைப் பக்கம் திரும்பினாள்.

"கொஞ்சம் பின்னால போ" என்றாள் யுகேந்திரனிடம். "இன்னும் கொஞ்சம். நிறுத்து. இப்ப மெதுவா விடு."

திரையில் எல்லாரும் குருக்களின் கையைப் பார்த்தார்கள். அவள் சேலையைப் பார்த்தாள். நகை கழற்றியதும் குருக்கள் அம்மனின் சேலையை உருவி ராசம்மாவிடம் கொடுக்கிறார். கொடுக்கும்போது முந்தானை ஓரத்தில் ஒரு துளி மினுங்கி ஆடுகிறது. ஜரிகை அப்படி ஆடாது. சாரலுக்கு ஒதுங்கி நின்று ராசம்மா அவசர அவசரமாக மடிக்கிறாள். துளி மடிப்புக்குள் போய்விடுகிறது. மடித்த சேலை ஏலத் தட்டுக்குப் போகிறது. மயில்பச்சை, மாம்பழ மஞ்சள் கரை.

திரும்பிப் பார்க்கவே தேவையில்லை. அது அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது, அலமாரியின் மேல்தட்டில். இத்தனை நாளும் அதன் முன்னால் நின்றுதான், தாலி எங்கே என்று அம்மனைக் கேட்டுக் கேட்டு அழுதிருக்கிறாள்.

வேறு யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், அவள் பேர் இப்போதே சுத்தம். நாளைக்கோ மறுநாளோ தாலியை யாருக்கும் தெரியாமல் உண்டியலில் போட்டுவிடலாம். சொன்னாலோ, காணாமல் போன தாலி அவள் வீட்டில்தான் இருக்கிறது என்று அவளே கூட்டம் கூட்டிக் காட்டியது போல ஆகும். நிஜமாகவே அவளுக்கு ஆசை வந்தது. குருக்கள் குனிந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தச் சேலைய ஏலத்துல எடுத்தது நான்" என்றாள்.

யாருக்கும் புரியவில்லை. அவள் திரையில் விரலை வைத்துக் காட்டினாள். யுகேந்திரன் பின்னால் ஓட்டி, மெதுவாக விட்டு, மறுபடியும் விட்டான். மூன்றாம் முறை திருச்செல்வம் எழுந்து நின்றார். யோகேஸ்வரி அலமாரியைத் திறந்தாள்.

"நான் தொடமாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன். தலைவரே, நீங்களே எடுத்துப் பிரிங்க."

அவர் எடுத்துப் பிரித்தார். நாலாவது மடிப்பில், சங்கிலியின் கொக்கி ஜரிகை இழையில் மாட்டிக்கொண்டு, அம்மனின் பொட்டுத்தாலி தொங்கியது. குருக்கள் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்துத் திருச்செல்வம் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "பாரும்மா. கோயில் சேலைப் பெட்டியில கெடைச்சதுன்னு குழுவுல போட்டுடறேன். உன் வீட்ல இருந்துச்சுன்னா ஊர் வாய் சும்மா இருக்காது."

நல்ல மனசோடுதான் சொன்னார், அது அவளுக்குத் தெரிந்தது. ஆனால் பின்னால் நின்ற கமிட்டிக்காரர் ஒருவர் சேலையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்ததும் அவள் கண்ணில் பட்டது. டிஸ்க்கைப் பூட்டில் போட்டுக் காட்டினாலும் சிலருக்குச் சந்தேகம் போகாது. அது அவளுக்குத் தெரியாதா என்ன, அவளே அந்த ரகம்தானே.

"வேணாம் தலைவரே. யோகேஸ்வரி வீட்ல இருந்துச்சுன்னே போடுங்க."

"நம்பாதவங்க இருப்பாங்கம்மா."

"இருக்கட்டும். டிஸ்க்கு அம்மன் காலடியில இருக்கும், டாக் என் வீட்ல இருக்கும். யாருக்குச் சந்தேகமோ அவங்க டிஸ்க்க எடுத்துக்கிட்டு வரட்டும். நான் டீ போட்டுக் கொடுத்துக் காட்டறேன்."

திருச்செல்வம் இன்னொரு முறை சொல்லிப் பார்த்தார். அவள் முடியாது என்றாள். குருக்கள் பிஸ்கட் ஒன்றை எடுத்துக்கொண்டார்.

ராசம்மா இப்போது எழுந்து வந்தாள். சேலை நாற்காலியில் குவியலாகக் கிடந்தது. மடியில் இருந்த ஹேண்ட்பேக்கை எடுத்து, ஒரு கணம் தயங்கி, யோகேஸ்வரியின் கையில் கொடுத்தாள்.

"இதைக் கொஞ்சம் வச்சிக்க. சேலைய நான் மடிச்சுத் தரேன்."

யோகேஸ்வரி பையை வாங்கி நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கி எதுவும் தெளிவாகத் தெரியவில்லை. ஆனாலும் சொல்லாமல் விடவில்லை.

"இந்தத் தடவை நல்லா உதறிட்டு மடிங்கக்கா" என்றாள்.